மேடையில் காதலைக் கண்டு கூச்சப்பட்ட வன்னிக்காரர் யாரும் உண்டா?

குளக்கட்டு:
கிளிநொச்சியில் நடந்த அந்த நவீன இருவர் ஆட்டத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். சலங்கை இல்லை, நட்டுவாங்கம் இல்லை, மேடையில் ஒரு சுளகு மட்டும். அவள் நெல் தூற்றத் தூற்ற அவன் குறுக்கே குறுக்கே வந்து நிற்பான். கடைசியில் இருவரும் களைத்துக் குந்த, அவன் காதுமடலில் ஒட்டியிருந்த உமியை அவள் ஊதிவிட்டாள். கையால் தட்டவில்லை, ஊதினாள். உமி போன பிறகு இன்னொரு முறையும் ஊதினாள்.

பக்கத்தில் அம்மம்மா கலகலவென்று சிரித்துவிட்டு, "உவனும் உங்கட தாத்தா மாதிரி, காது கூசுது" என்றா. சத்தமாக. நான் "ஸ்ஸ்" என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டா.

தாத்தா 2009இல் கடைசிப் போரில் மாத்தளனில் போனவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி அவ கதைத்ததெல்லாம் மரணப் பதிவுக்காக அரசாங்கக் கச்சேரியில் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகத்தான். அவருக்குக் காது கூசும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மிச்சத்தை நானே நிறுத்திவிட்டேன்.

முள்ளியவளையாள்:
நவீனம் நவீனம் என்கிறீர்கள், எங்கட கோவலன் கூத்தில் இல்லாத கொஞ்சலா? என் சித்தப்பா மாதவி ஆடுவார். பகலில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிற மனிதர். ஒரு இரவு பாட்டின் நடுவே கொண்டை சரிந்துவிட்டது. மறைவுக்குப் போகாமல், கோவலனைப் பார்த்தபடியே ஒவ்வொரு ஊசியாக, அவசரமே இல்லாமல் குத்திமுடித்தார். பின்னால் கிழவர்கள் விசில். முன்னால் பாயில் இருந்த சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தா. வற்றாப்பளையில் கண்ணகிக்கு வைகாசியில் பொங்குகிற சனம்தான், விசில் என்னவோ மாதவிக்கு! சித்தி அன்றைக்குப் பார்த்தது புருசனையா மாதவியையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வவுனியா சலங்கை:
முள்ளியவளையாள், ஆண் பெண்வேடம் கட்டுவதும் ஒரு பெண் தன் உடம்போடு மேடையில் நிற்பதும் ஒன்றா? அதே பார்வையை ஒரு பெண் பார்த்திருந்தால் அடுத்த நாளே அவளுடைய கலியாணப் பேச்சு நின்றிருக்கும். எனக்கு 13 வயதில் ஒரு பதம், அதாவது காதலுக்கு அபிநயம் பிடிக்கிற பாட்டு, பழக்கினார்கள். "நாயகன் வரவில்லை, ஏங்கு" என்றா டீச்சர். யாருக்காக என்று கேட்டேன். "முருகனுக்காக" என்று தலையில் ஒரு குட்டு. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பரதத்தில் சிருங்காரத்தை, அதாவது காதல் ரசத்தை, அடக்கி பக்தியை முன்னுக்கு வைத்தார். நாங்கள் பழகியதில் பெரும்பங்கு அந்த வழி. பரம்பரை நடனக்காரி பாலசரஸ்வதி அதை ஏற்கவே இல்லை. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோதும், சிருங்காரத்தை யாரும் சுத்தப்படுத்தத் தேவையில்லை என்ற கட்சியில்தான் நின்றார். பிறகு சென்னையின் நவீன நடன ஆசிரியை சந்திரலேகா 2001இல் 'சரீரா' என்ற ஆட்டத்தில் ஒரு பெண்ணையும் ஆணையும் யோகம், களரிச் சண்டைக்கலை அசைவுகளோடு அவ்வளவு மெதுவாக ஆடவைத்தார். அதில் முருகன் இல்லை, ஏக்கமும் இல்லை. குளக்கட்டு பார்த்தது அந்த வம்சம்.

குளக்கட்டு, அடுத்த முறை அம்மம்மாவைக் கதிரையில் இருத்தாதீர்கள். பாய் விரித்து அவவின் வயதுக்காரரோடு விடுங்கள், நீங்கள் தள்ளி இருங்கள். நடனம் பழக்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்குப் பதம் வேண்டாம். கிளித்தட்டு விளையாட விடுங்கள். மறிப்பதும் ஏமாற்றித் தப்புவதும் முதலில் உடம்புக்கு வரட்டும், கண்ணுக்குப் பிறகு வரும். அரங்கேற்றச் செலவைப் பற்றியும் எழுத இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

மல்லாவிப் பொடியன்:
நான் நடனம் அறியாதவன். ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு விளக்குப் பூட்டப் போனேன். கரியால் கீறிய ஒரு முதுகு, ஈரத் தலைமயிர், அதில் ஒரு சீப்பு. வேறொன்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வருவார்களாம் என்று யாரோ அதன்மேல் பேப்பர் ஒட்டிவிட்டார்கள். பின்னேரம் விளக்கைக் கழற்றப் போனால் பேப்பரில் விரல் அளவு ஓட்டை. பிள்ளைகளைப் போட்டுத் திட்டினார்கள். ஓட்டை என் கண் உயரத்தில் இருந்தது. நான் ஆறடி.

குளக்கட்டு:
சலங்கை அக்கா, அவவுக்கு முழங்கால் ஏலாது, பாயில் இருக்கமாட்டா. அந்த ஆட்டத்தை யாராவது போனில் எடுத்தீர்களா? ஊதுகிற இடம் மட்டும் இருந்தாலும் போதும். வீட்டில் வைத்துக் காட்டலாம்.