பர்னஸ் ஆயில் கணக்கு இடிக்கிறது: இறக்கும் மீட்டர் கூடுதல், பாய்லர் மீட்டர் குறைவு – உதவி தேவை

சிப்காட்_ஷிப்ட்:

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு சின்ன ரசாயன யூனிட்டில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். பாய்லருக்கு எரிபொருள் பர்னஸ் ஆயில் என்கிற கெட்டி எண்ணெய்தான்.

டேங்கர் வந்தால் கியர் பம்ப் வைத்து இறக்குகிறோம். பம்ப்புக்கு அப்புறம் ஸ்ட்ரெய்னர் (கசடு வடிகட்டி), ஓவல் கியர் மீட்டர், ஸ்டோரேஜ் டேங்க். அங்கிருந்து சர்வீஸ் டேங்க், பம்ப், ஹீட்டர், இன்னொரு ஓவல் கியர் மீட்டர், பர்னர். இரண்டு மீட்டரும் போன வருடம் வாங்கியவை, காலிப்ரேஷன் சான்றிதழ் இருக்கிறது.

கடைசி லோடு எடைமேடையில் நிகர எடை 11.4 டன். பில்லில் 15 டிகிரி அடர்த்தி 0.95. அதாவது 12,000 லிட்டர். மீட்டர் காட்டியது 12,620. இன்னொரு பக்கம், டிப் ராடு (டேங்கில் விட்டு எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) கணக்கில் ஸ்டோரேஜ் டேங்கில் 11,500 லிட்டர் இறங்கிய அதே காலத்தில் பாய்லர் மீட்டர் 10,750தான் காட்டுகிறது.

620-ஐயும் 750-ஐயும் கூட்டி, 1,370 லிட்டர் எங்கே என்று மேனேஜர் கேட்கிறார். இரவு ஷிப்ட் பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் மேல் பேச்சு திரும்புகிறது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? மீட்டரில் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும்.

பண்ருட்டி_எலக்ட்ரிகல்:

இந்த கியர் மீட்டரெல்லாம் பழைய காலத்துச் சரக்கு. கழற்றிவிட்டு மேக்னடிக் ப்ளோ மீட்டர் போடுங்கள். உள்ளே ஓடுகிற பாகமே கிடையாது, தேயாது.

மேட்டுப்பாளையம்_பிட்டர்:

சார், மேக்னடிக் மீட்டர் வேலை செய்ய வேண்டுமானால் திரவம் மின்சாரம் கடத்த வேண்டும். தண்ணீர், அமிலம், கழிவுநீர் என்றால் சரி. எண்ணெயில் வைத்தால் ஒன்றுமே காட்டாது. இவர் வைத்திருப்பதுதான் பர்னஸ் ஆயிலுக்குப் பொருத்தமான மீட்டர். புதுச்சேரியில் எங்கள் யூனிட்டிலும் அதுதான்.

என் சந்தேகம்: ஹீட்டருக்கு அப்புறம் எண்ணெய் நீர்த்துப் போகிறது. கியருக்கும் சுவருக்கும் நடுவே கசிந்து எண்ணப்படாமல் ஓடுகிறது. அதனால்தான் பாய்லர் மீட்டர் குறைவு. கியர் தேய்ந்திருக்கும், செட் மாற்றுங்கள்.

டெர்மினல்_பெரியவர்:

தம்பி, கியருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறு. இரண்டு மீட்டரும் எதிர் எதிர் திசையில் பொய் சொல்கின்றன. அதனால் காரணமும் இரண்டாகத்தான் இருக்கும். எண்ணெய் டெர்மினலில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் விவரமாகச் சொல்கிறேன்.

இந்த வகை மீட்டர் வேகத்தை அளப்பதில்லை. களத்து மேட்டில் மரக்கால் வைத்து நெல் அளக்கிற வேலைதான் இதுவும்: ரொம்பு, கொட்டு, எண்ணு. உன் மீட்டருக்குள் முட்டை வடிவப் பல்சக்கரங்கள் இரண்டு ஒன்றோடொன்று பிடித்துச் சுற்றுகின்றன. சக்கரத்துக்கும் உள்சுவருக்கும் நடுவே பிறை வடிவத்தில் ஒரு இடம் அடைபடும். ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு பிறை எண்ணெய் அந்தப் பக்கம் போகும். சுற்றுவதற்கு மோட்டார் கிடையாது, உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசமே தள்ளுகிறது. சக்கரத்தில் பதித்த காந்தத்தை வெளியே இருக்கும் சென்சார் எண்ணுகிறது. லிட்டருக்கு இத்தனை பல்ஸ் என்று உன் சான்றிதழில் போட்டிருப்பார்கள், அதுதான் கே பாக்டர்.

இதில் இரண்டு சமாசாரம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, அது எண்ணுவது கன அளவைத்தான். எடையை அல்ல. சூட்டில் எண்ணெய் உப்பினால் உப்பிய அளவையே எண்ணும். இரண்டு, அறைக்குள் வந்தது எண்ணெயா காற்றா என்று அதற்குத் தெரியாது. எது ரொம்பினாலும் ஒரு பிறைதான்.

இப்போது இறக்கும் மீட்டருக்கு வா. பில்லில் இருப்பது 15 டிகிரி அடர்த்தி. டேங்கரில் எண்ணெய் என்ன சூட்டில் வந்தது? 50 டிகிரி என்று வைத்துக்கொள். பர்னஸ் ஆயில் டிகிரிக்கு ஏறத்தாழ 0.0007 பங்கு விரியும். 35 டிகிரிக்கு 2.45 சதவீதம். 12,000 லிட்டர் அங்கேயே 12,294 ஆகிவிட்டது. உன் 620-இல் கிட்டத்தட்ட பாதி வெறும் சூடு. அதை யாரும் திருடவும் இல்லை, கூடுதலாகக் கொடுக்கவும் இல்லை.

மிச்சம் 326 லிட்டர் காற்று என்று நினைக்கிறேன். டேங்கர் காலியாகும் நேரத்தில் அடியில் எண்ணெய் வெளியேறும் வாய்க்கு மேலே சுழி விழுந்து பம்ப் காற்றை இழுக்கும். பம்ப்புக்கு முன்னால் உள்ள ஹோஸ் இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கேயும் இழுக்கும். அங்கே உள்ளழுத்தம் குறைவு, எண்ணெய் வெளியே ஒழுகாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, காற்று வரும்போது சக்கரம் தறிகெட்டுச் சுற்றி பேரிங்கையும் கெடுக்கும்.

மூன்று கேள்வி. எண்ணெய் சூடு அளந்தாயா? மீட்டருக்கு முன் காற்றைப் பிரித்து வெளியேற்றும் ஏர் எலிமினேட்டர் இருக்கிறதா? இறக்கி முடித்த பின் டிப் எவ்வளவு ஏறியது?

சிப்காட்_ஷிப்ட்:

ஐயா, மிக்க நன்றி. டேங்கர் சூடு பதிவேட்டில் இருக்கிறது, 50 டிகிரி. ஏர் எலிமினேட்டர் இல்லை. டிப் 12,280 லிட்டர் ஏறியிருக்கிறது. யாரும் இதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

டெர்மினல்_பெரியவர்:

பார்த்தாயா, சூட்டைச் சேர்த்தால் டிப் ராடு எடைமேடையோடு ஒத்துப் போகிறது, மீட்டர்தான் தனியாக நிற்கிறது. அது காற்றுதான்.

இனி பாய்லர் பக்கம். பிட்டர் தம்பி சொன்ன கசிவு உண்மைதான், அதை ஸ்லிப் என்போம். ஆனால் கணக்குப் போட்டுப் பார். எண்ணெயின் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக்ஸில் சொல்வார்கள். உங்களுடையது 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்ஸ் வகை என்றால், ஹீட்டருக்கு அப்புறம் 105 டிகிரியில் 20 வட்டாரத்துக்கு வரும். டீசல் 40 டிகிரியில் 2 முதல் 4.5 வரைதான். டீசலையே இந்த மீட்டர்கள் நன்றாக அளக்கின்றன. அதைவிடப் பல மடங்கு கெட்டியான எண்ணெய் பெரிதாகக் கசியாது. மீட்டரின் குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே ஓட்டினால்தான் ஸ்லிப் தலைதூக்கும்.

அதோடு சூடு இங்கே எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். ஸ்டோரேஜில் 50, மீட்டரில் 105. 11,500 லிட்டர் மீட்டரைக் கடக்கும்போது 11,940-க்கு மேல் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 10,750. நிஜத்தில் குறைவது 750 அல்ல, ஏறத்தாழ 1,200 லிட்டர். பத்து சதவீதம். இவ்வளவு போனால் கியர் தேய்மானம் இல்லை, எண்ணெய் மீட்டரைத் தொடாமலே வேறு வழியில் போகிறது.

மீட்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் லைன் இருக்கிறதா? பர்னரில் எரியாமல் திரும்பும் எண்ணெய், அதாவது ரிட்டர்ன், எங்கே சேர்கிறது?

மேட்டுப்பாளையம்_பிட்டர்:

ரிட்டர்ன் சர்வீஸ் டேங்குக்குத் திரும்பினால் அதே எண்ணெயை மீட்டர் மறுபடி எண்ணும், கூடுதலாகத்தான் காட்டும். அதனால் ரிட்டர்ன் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். பைபாஸ் பற்றி ஐயா சொன்னது சரி. நான் கியரிலேயே நின்றுவிட்டேன்.

சிப்காட்_ஷிப்ட்:

இந்த பர்னரில் ரிட்டர்ன் இல்லை. பைபாஸ் இருக்கிறது, பாய்லர் மீட்டர் பக்கத்து ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்யும்போது திறப்போம். கேட் வால்வு. மூடித்தான் இருக்கிறது, கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது.

டெர்மினல்_பெரியவர்:

கைப்பிடி இறுக்கம் ஒரு சாட்சியே இல்லை. பர்னஸ் ஆயில் வால்வில் சீட்டில், அதாவது கதவு வந்து உட்காரும் இடத்தில், கரியும் கசடும் தங்கும். கதவு முழுக்க இறங்காது, மேலே கை மட்டும் இறுகிவிடும்.

பாய்லர் நிற்கும் நாளில் ஹீட்டரை அணைத்து, எண்ணெய் 60-க்குக் கீழே ஆறட்டும். இதன் பிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பிடிக்கும் சூடு) 66-இலேயே தொடங்கலாம், பக்கத்தில் வெல்டிங் இருக்கக் கூடாது. பம்ப் ஓட வேண்டாம், சர்வீஸ் டேங்க் உயரமே போதும். மீட்டரின் உள்வால்வை மூடு, பைபாஸையும் மூடு. மீட்டருக்கு அப்புறம் உள்ள டிரெய்னைத் திறந்து பக்கெட் வை. பைப்பில் இருந்தது வடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும். மேனேஜரைக் கூப்பிட்டு அவர் கண் முன்னால் செய். அந்த ஆபரேட்டரும் கூட நிற்கட்டும்.

முதுநகர்_டீசல்:

குறுக்கே ஒரு கேள்வி. நான் கடலூர் முதுநகரில் படகுகளுக்கு டீசல் போடும் பங்க்கில் இருக்கிறேன். எங்கள் இயந்திரத்துக்குள் இருப்பதும் இதே வகையா? முட்டைச் சக்கரம் எதுவும் நான் பார்த்ததில்லை.

டெர்மினல்_பெரியவர்:

குடும்பம் ஒன்று, உருவம் வேறு. பங்க் இயந்திரத்தில் பெரும்பாலும் பிஸ்டன் மீட்டர். நான்கு சிலிண்டர் மாறி மாறி ரொம்பிக் காலியாகும், தண்டு சுற்றுவதை எண்ணுவார்கள். டேங்கர் நிரப்பும் டெர்மினலில் தகடு சறுக்கும் வேன் மீட்டர் அதிகம். குழாய் எரிவாயு வரும் வீடுகளில் தோல் பை மாதிரி உப்பி அடங்கும் டயாபிரம் மீட்டர். தொழிற்சாலை எரிவாயுவுக்கு எட்டு வடிவ உருளைகள் சுற்றும் ரூட்ஸ் மீட்டர். எல்லாமே அடைத்து அடைத்து எண்ணுபவை. உங்கள் இயந்திரத்துக்குள் காற்றுப் பிரிக்கும் அறை ஒன்றும் இருக்கும். இந்தத் தம்பியின் லைனில் இல்லாதது அதுதான்.

விற்பனைக்கு அளப்பதால் உங்களுக்கு எடையளவு முத்திரை கட்டாயம். கேட்கிறவருக்கு 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டவும் வேண்டும்.

மணல், கசடு வருகிற திரவத்துக்கு இந்தக் குடும்பமே ஆகாது. இடைவெளி முடி அளவுதான், ஒரு துணுக்கு போதும் சிக்கிக்கொள்ள. சிக்கினால் ஓட்டமே நின்றுவிடும். ஆனால் ஒரு வசதி, முன்னும் பின்னும் நீளமான நேர்க்குழாய் வேண்டியதில்லை. இடம் குறைவான பாய்லர் அறைக்கு அதனாலேயே இதை வாங்குகிறார்கள்.

சிப்காட்_ஷிப்ட்:

ஐயா, பார்த்தாயிற்று. மேனேஜர், பராமரிப்பு, அந்த அண்ணன் எல்லோரும் நின்றோம். இரண்டு வால்வையும் மூடியும் எண்ணெய் விரல் தடிமனுக்கு நிற்காமல் வந்தது. பைபாஸ் வால்வைக் கழற்றினால் சீட்டில் தார் மாதிரி ஒரு கட்டி. மேனேஜர் பதிவேட்டை மூடிவிட்டு அண்ணனிடம் டீ சொல்லச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வால்வு மாற்றிய பின் டிப்பில் 5,000 லிட்டர் இறங்கிய காலத்துக்கு பாய்லர் மீட்டர் 5,180. உங்கள் சூட்டுக் கணக்கில் 5,192 வர வேண்டும்.

அடுத்த லோடில் ஹோஸ் கேஸ்கெட் மாற்றினோம். வாய் தெரிய ஆரம்பிக்கும் முன்பே பம்ப்பை நிறுத்தி, அடியில் மிஞ்சியதை பக்கெட்டில் பிடித்தோம். எடை 11.52 டன், அடர்த்தி 0.952, சூடு 48. கணக்கில் 12,380, மீட்டரும் பக்கெட்டும் சேர்ந்து 12,430.

டெர்மினல்_பெரியவர்:

நல்லது. 5,180-க்கும் 5,192-க்கும் ரொம்பப் பூரிக்காதே, டிப் ராடு அவ்வளவு துல்லியம் கிடையாது, கொஞ்சம் தற்செயலும் இருக்கும். இறக்கும் பக்கம் பக்கெட் வேலையை எல்லா லோடுக்கும் ஆட்கள் செய்ய மாட்டார்கள். மிதவை வைத்த ஏர் எலிமினேட்டர் ஒன்றை மீட்டருக்கு முன் போட்டுவிடு. மீட்டர் பைப்பின் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும், வெளிப்பக்கம் மேல்நோக்கிப் போய், எண்ணெயைத் திரும்ப ஓடவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. அப்போதுதான் பம்ப் நின்றாலும் உள்ளே எண்ணெய் ரொம்பியே இருக்கும்.

பதிவேட்டில் சூட்டுக்கு ஒரு பத்தி சேர். லிட்டரை லிட்டரோடு ஒப்பிடாமல், எல்லாவற்றையும் கிலோவாக மாற்றி ஒப்பிடச் சொல்.

மேட்டுப்பாளையம்_பிட்டர்:

பைபாஸை ஒரேயடியாக எடுத்துவிடலாமா ஐயா? எங்கள் யூனிட்டிலும் இதே மாதிரி ஒற்றை கேட் வால்வுதான். இதைப் படித்ததிலிருந்து நிம்மதி இல்லை.

டெர்மினல்_பெரியவர்:

எடுக்க வேண்டாம், ஸ்ட்ரெய்னர் அடைத்தால் பாய்லர் நின்றுவிடும். ஒற்றை வால்வுக்குப் பதில் இரண்டு பால் வால்வு வரிசையாகப் போடுங்கள், சூட்டைத் தாங்கும் சீட்டாகப் பார்த்து. இரண்டுக்கும் நடுவே அரை இன்ச் டிரெய்ன். இரண்டையும் மூடி டிரெய்னைத் திறந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் இரண்டில் ஒரு வால்வாவது போய்விட்டது என்று அர்த்தம். பார்த்த பின் டிரெய்னுக்கு பிளக் போட மறக்க வேண்டாம்.