தூக்குத் தண்டனைக்கு அப்பீல் எப்படி போகும்? எத்தன கோர்ட்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

செம்பனை ரோட் தங்கச்சி:

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க. எங்க சித்தப்பா மவன், செம்பனை லோரி ஓட்டுற பையன், அவனுக்கு போன வாரம் ஈப்போ ஹைகோர்ட்ல 39பி கேஸ்ல, அதான் போதைப்பொருள் கடத்தல் கேஸ்ல, தூக்குன்னு தீர்ப்பு வந்திருச்சு. ரோட் பிளாக்ல புடிச்சப்ப கார்ல மூணு பேரு, கார் இவனோடது இல்ல கூட்டாளியோடது, சீட்டுக்கு அடியில இருந்த பேக்ல சியாபுங்கற போதைப்பொருள், எடை 50 கிராமுக்கு ரொம்பவே மேல. மத்த ரெண்டு பேர்ல ஒருத்தன் ஓடிட்டான், இன்னொருத்தன விட்டுட்டாங்க. சித்தப்பாவுக்கு மலாய் சரியா வராது, தீர்ப்பு முடிஞ்சதும் லோயர் வேகவேகமா என்னமோ சொல்லிட்டு அடுத்த கேஸுக்குப் போயிட்டாரு, வீட்ல யாருக்கும் ஒன்னும் புரியல.

2023-லயே தூக்க எடுத்தாச்சுன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க, அப்புறம் எப்படி இவனுக்கு மட்டும் வந்துச்சு? அப்பீலுக்கு எத்தன நாள் டைம், காசு இல்லாதவங்க என்ன பண்றது, அது வரைக்கும் அவன ஒன்னும் பண்ண மாட்டாங்களா? இன்னொன்னு, பாசார்ல ஒருத்தர் எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா நேரா சுல்தானுக்கு மனு போட்டு தண்டனைய எடுத்துடலாம், கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேணாம்னு சொல்றாரு. சித்தி தாலிய அடகு வைக்கக் கெளம்பிட்டாங்க. நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.

ஈப்போ காரன் 77:

பயப்படாதீங்க தங்கச்சி, இப்ப மலேசியாவுல தூக்கே கெடையாது, பேப்பருக்கு எழுதுறதுதான், எப்படியும் 30 வருஷமா மாத்திடுவாங்க. லோயருக்கு காசக் கொட்டாம சும்மா இருந்தாலே போதும்.

பழைய கோர்ட் ஆளு:

தங்கச்சி, மேல சொன்னத தயவுசெஞ்சு கேக்காதீங்க. சும்மா இருந்தா போதும்னு நெனைச்ச குடும்பங்கள நான் பாத்திருக்கேன், ஹைகோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா வேல பாத்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி கேஸ்ல நின்ன பெத்தவங்க மொகம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

2023 ஜூலை 4-ல இருந்து எடுத்தது தூக்க இல்ல, கட்டாயத் தூக்க. 1983-ல சட்டத்த இறுக்குனதுக்கு அப்புறம் 39பி நிரூபிச்சாச்சுன்னா ஜட்ஜுக்கு வேற வழியே இல்லாம இருந்துச்சு, 2018-ல ஒரு சின்ன சந்து தொறந்தாங்க, அதுக்கும் ஏகப்பட்ட நிபந்தனை. இப்பதான் ஜட்ஜுக்கு ரெண்டு வழி, ஒன்னு தூக்கு, இல்லாட்டி ஆயுள் தண்டனை, அது கூட கொறஞ்சது 12 ரோத்தான், அதாவது பிரம்படி. ஆயுள்னா நம்ம சட்டத்துல 30 வருஷம். ஆக இன்னைக்கும் ஒரு ஜட்ஜ் தூக்குன்னு தீர்ப்பு குடுக்கலாம், உங்க தம்பிக்கு குடுத்தது செல்லும். அத மாத்தணும்னா யாராச்சும் அப்பீல் போட்டாத்தான் மாறும், தானா மாறாது.

டைம் 14 நாள். தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்து எண்ணிக்கங்க, போன வாரம்னு சொல்றீங்க, அதனால இன்னைக்கே எந்திரிங்க. முதல்ல போடறது நோட்டிஸ் மட்டும்தான், நாங்க அப்பீல் பண்றோம்னு சொல்ற சின்ன கடிதம், காரணமெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். இதுக்கு லோயர் கூட தேவையில்ல, உள்ள இருக்கறவன் ஜெயில் அதிகாரிகிட்ட வாயால சொன்னாலும் எழுதிக் குடுத்தாலும் சட்டப்படி போதும், அவங்க கோர்ட்டுக்கு அனுப்பணும். நோட்டிஸ்ல குற்றவாளின்னு சொன்னது, தண்டனை, ரெண்டுக்கும் எதிராத்தான் அப்பீல்னு இருக்கணும், இத ரொம்ப கவனமா பாருங்க. தண்டனைக்கு மட்டும்னு போட்டா, நான் செய்யலன்னு சொல்ற வாய்ப்ப நீங்களே மூடிடறீங்க. 14 நாள் தாண்டிப் போச்சுன்னாலும் டைம் நீட்டிக் கேக்கலாம், ஆனா ஏன் லேட்னு ஜட்ஜுங்கள நம்ப வைக்கணும், அந்த நெலமைக்கு ஏன் போகணும்.

நோட்டிஸ் போயிட்டா அப்பீல் முடியற வரைக்கும் தண்டனைய நிறைவேத்தக் கூடாது, சட்டத்துலயே இருக்கு. அது போக 2018-ல இருந்து நம்ம நாட்டுல தூக்குல போடறத நிறுத்தி வச்சிருக்காங்க. ஆனா அது அரசாங்கம் எடுத்த முடிவு, சட்டம் குடுத்த உரிமை இல்ல, அத நம்பி உக்காந்துடாதீங்க.

கிளார்க் அக்கா:

அண்ணன் சொன்னதுதான் சரி. நான் லோயர் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், காசு விஷயத்த நான் சொல்றேன். தூக்கு வரக்கூடிய கேஸ்ல லோயர் வைக்க முடியலன்னா கோர்ட்டே ஒரு லோயர போட்டுத் தரும், பீஸ் அரசாங்கம் குடுக்கும், ஹைகோர்ட்ல மட்டும் இல்ல அப்பீல்லயும்தான். வெக்கப்படாம கேளுங்க. ஆனா வர்றவரு யாரா இருந்தாலும் அவருகிட்ட அடிக்கடி போய் நில்லுங்க, கேஸ் கட்டு கை மாறுற எடத்துலதான் நெறைய விட்டுப் போகும்.

அடுத்து என்ன நடக்கும்னா, ஹைகோர்ட் ஜட்ஜ் ஏன் இப்படி தீர்ப்பு குடுத்தேன்னு விரிவா எழுதணும், அதோட சாட்சிங்க சொன்னது, ஜபத்தான் கிமியா (பொருள சோதிக்கற அரசாங்க லேப்) ரிப்போர்ட், போட்டோ எல்லாம் சேந்து ரெக்கோர்ட் ரயுவான்னு தடிதடியா கட்டு வரும். இது வர்றதுக்கே மாசக்கணக்குல ஆகும், எல்லாம் முடிய வருஷக்கணக்கும் ஆகலாம். கட்டு வந்த பொறவு லோயர் காரணங்கள எழுதி பெட்டிஷன் போடுவாரு, பொறவுதான் புத்ராஜெயா அப்பீல் கோர்ட்ல மூணு ஜட்ஜுங்க முன்னால விசாரணை.

அங்க போய் அழுதா எரக்கப்படுவாங்கன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. சம்பளம் கொறைஞ்சு போச்சுன்னு போய் நின்னா தோட்டத்துப் பெரிய கிராணி சம்பளப் பதிவேட்ட, அதான் செக்ரோல, தொறந்து பாப்பாரே, காட்டுக்குப் போய் செம்பனைக் குலைய மறுபடி நிறுத்துப் பாக்க மாட்டாருல்ல, அந்த மாதிரிதான். சாட்சிய மறுபடி கூப்பிட மாட்டாங்க. கட்டுல இருக்கறத வச்சு கீழ் கோர்ட் சட்டத்த சரியா போட்டுச்சா, இவன் சொன்ன பதில யோசிச்சுப் பாத்துச்சா, புடிச்ச பொருள்தான் லேபுக்குப் போச்சா, சீல், எடை, கையெழுத்து எல்லாம் ஒன்னுக்கொன்னு ஒத்துப் போகுதா, இதத்தான் பாப்பாங்க.

உங்க தம்பி கேஸ்ல முக்கியமான எடம் எனக்கு படறது கார்தான். நம்ம சட்டத்துல ரெண்டு அனுமானம் இருக்கு, பொருள் உன் கட்டுப்பாட்டுல இருந்தா அது உனக்குத் தெரியும்னு ஒன்னு, எடை தாண்டிப் போச்சுன்னா நீ விக்கத்தான் வச்சிருந்தன்னு இன்னொன்னு. சியாபுக்கு 50 கிராம், ஹெரோயினுக்கு 15, கஞ்சாவுக்கு 200. முதல் அனுமானத்து மேலயே ரெண்டாவத அடுக்கி ஆள தூக்குக்கு அனுப்புறது அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு 2019 ஏப்ரல்ல நாட்டோட உச்ச கோர்ட்டான ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு, அல்மா நுடோ அத்தென்சா கேஸ். அதனால பேக் அங்க இருக்கறது இவனுக்குத் தெரியும்னு எத வச்சு முடிவு பண்ணாங்க, மத்தவங்களும் கை வைக்கக்கூடிய எடமா இல்லையான்னு உங்க லோயர் வரிவரியா பாக்கணும். இதுல ஓட்டை இருந்தா விடுதலையே கெடைக்கலாம், இல்ல 39ஏ(2)-க்கு எறக்கலாம், அது வச்சிருந்த குத்தம் மட்டும், தூக்கு கெடையாது, ஜெயிலும் ரோத்தானும்தான்.

செம்பனை ரோட் தங்கச்சி:

அண்ணே அக்கா, ரெண்டு பேரும் எழுதுனத சித்தப்பாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன், மூணு தடவ நிறுத்தி நிறுத்தி கேட்டாரு. நாளைக்கு காலைல ஜெயிலுக்குப் போறோம். இன்னும் ரெண்டு கேள்வி. விட்டுட்ட அந்த கூட்டாளிப் பையன் இப்ப மனசு மாறி, பேக் இவனோடது இல்லன்னு சொல்ல வர்றேங்கிறான், அத அப்பீல்ல சொல்ல முடியுமா? அப்புறம் புத்ராஜெயாவுல தோத்துட்டா அவ்ளோதானா?

பழைய கோர்ட் ஆளு:

புது சாட்சிய ஏத்துக்கற அதிகாரம் அப்பீல் கோர்ட்டுக்கு இருக்கு மா, ஆனா ரொம்ப அரிதா. விசாரணையப்பவே ஏன் கூப்பிடலன்னுதான் முதல் கேள்வி வரும், அவன் அப்ப கையில கெடைக்காம இருந்தானா, இப்ப சொல்றது நம்பக்கூடியதா, கேஸையே மாத்தக்கூடியதாங்கறதெல்லாம் பாப்பாங்க. அவன நீங்க யாரும் தனியா கூப்பிட்டு எழுதி வாங்காதீங்க, சொல்லிக் குடுத்து கூட்டிட்டு வந்த சாட்சின்னு டிபிபி, அதான் அரசாங்கத் தரப்பு லோயர், சொல்லிடுவாரு. லோயர் மூலமாவே போங்க.

தோத்தா அவ்ளோதான் இல்ல. ஹைகோர்ட்ல ஆரம்பிச்ச கேஸுக்கு ரெண்டு அப்பீல் உண்டு, அடுத்தது ஃபெடரல் கோர்ட், அதுவும் அதே புத்ராஜெயா இஸ்தானா கெஹாக்கிமான் கோர்ட் கட்டடத்துல தான், அங்கயும் கொறஞ்சது மூணு ஜட்ஜ், அதுக்கும் 14 நாள்ல நோட்டிஸ். அதுக்கு மேல ரிவியூன்னு ஒன்னு இருக்கு, ஃபெடரல் கோர்ட் தன்னோட தீர்ப்பையே மறுபடி பாக்கறது, நீதி பெருசா பிசகிப் போன கேஸுக்கு மட்டும், அத ஒரு படியா கணக்குல வைக்காதீங்க. இன்னொன்னையும் மனசுல வச்சுக்கங்க, அப்பீல் ரெண்டு பக்கத்துக்கும் உண்டு. ஒரு கோர்ட்ல ஜெயிச்சு விடுதலைன்னு சொன்னாலும் டிபிபி மேல போகலாம், அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்னு சித்திக்கு வாக்கு குடுக்காதீங்க.

மன்னிப்பு மனு கடைசி. குத்தம் நடந்தது பேராக்ல, அதனால அது பேராக் சுல்தானுக்குப் போகும், கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான்ல நடந்ததுன்னா பேரரசருக்கு. அரசியலமைப்பு 42-வது பிரிவு. லெம்பாக பெங்கம்புனான்ங்கற மன்னிப்பு வாரியத்துல மாநில முதலமைச்சரான மந்திரி பெசார் இருப்பாரு, அரசாங்கத் தலைமை லோயரான ஏஜி இருப்பாரு, இன்னும் மூணு பேரு வரைக்கும் இருக்கலாம், சுல்தான் தலைமையில கூடி முடிவு பண்ணுவாங்க. ஜெயில் வழியாவே மனு போடலாம். எட்டாயிரம் வெள்ளிக்கு அங்க எந்தக் கதவும் இல்ல. அந்த ஆள நம்பி இந்த 14 நாள விட்டீங்கன்னா பணத்தோட முதல் அப்பீலும் கையவிட்டுப் போயிடும், எனக்கு கோவமே அதுலதான் வருது, படிக்காத சனங்க பயத்துல இருக்கற நேரமா பாத்து வந்து நிக்கிறானுங்க.

தைப்பிங் தம்பி:

நான் எப்பவும் படிச்சிட்டு போயிடுவேன், இதுக்கு மட்டும் எழுதணும்னு தோணுச்சு. எங்க அண்ணன் 302 கொலை கேஸ், அப்பீல் எல்லாம் முடிஞ்சு பிலிக் அக்கிர்ல, அதான் தூக்குக் கைதிங்க அறையில, ரொம்ப வருஷம் இருந்தாரு. 2023 செப்டம்பர் 12-ல ஒரு தனி சட்டம் வந்துச்சு, எல்லா அப்பீலும் முடிஞ்சவங்க தண்டனைய மட்டும் மறுபடி பாருங்கன்னு ஃபெடரல் கோர்ட்ல கேக்கலாம்னு, அப்ப 90 நாள் டைம் குடுத்தாங்க, அதுல போட்டோம். புடிச்ச நாள்ல இருந்து 30 வருஷம்னு மாத்துனாங்க, ரோத்தானும் உண்டு. அந்த விசாரணையில குத்தம் செஞ்சானா இல்லையான்னு ஒரு வார்த்த பேச முடியாது. அது பழைய கேஸுங்களுக்கு வந்த சட்டம், உங்களுக்கு சேராது, அதனால நீங்க இப்ப அப்பீல்லயே ரெண்டையும் கேட்டுக்கங்க.

தண்டனை பத்தி பேசறப்ப அவன் யாருன்னு ஜட்ஜுக்குத் தெரியணும் தங்கச்சி. நாங்க அண்ணனோட பள்ளிக்கூட சர்டிபிகேட், ஜெயில்ல படிச்சது, தோட்டத்து மேனேஜர் எழுதுன கடிதம், அம்மாவோட கிளினிக் கார்டு எல்லாம் லோயர்கிட்ட குடுத்தோம். எங்க ஆளுங்க தமிழ்ல பேசுனா மனசு கரையற மாதிரி பேசுவாங்க, ஆனா காகிதத்துல ஒன்னும் இருக்காது. ஒவ்வொன்னையும் எழுத்தாக்கி வைங்க. அவன்கிட்ட வாரம் தவறாம போய் பேசுங்க, அப்பீல் காலத்துல உள்ள இருக்கறவங்க நாளாக நாளாக பேச்சையே கொறைச்சிடுவாங்க.

குவாலா கங்சார் அக்கா:

சிங்கப்பூர்ல கேஸ் உள்ளவங்க யாராச்சும் இத படிச்சா கொழப்பிக்காதீங்க, அங்க கத வேற. அங்க ஹைகோர்ட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு அப்பீல் கோர்ட்தான், அதுக்கு மேல அதிபருக்கு கருணை மனு. அப்பீல் முடிஞ்ச பொறவு திரும்ப கோர்ட்டுக்குப் போகணும்னா முதல்ல அனுமதி வாங்கணும்னு 2024 ஜூன்ல இருந்து தனி சட்டமே நடப்புல இருக்கு. ஈப்போ பையன் நாகேந்திரன் 42.72 கிராம் ஹெரோயினுக்காக 2022 ஏப்ரல் 27-ல அங்க தூக்குல போடப்பட்டது இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. இங்க சட்டம் மாறுனது அங்க இருக்கற நம்ம புள்ளைங்களுக்கு ஒரு பயனும் தராது.

செம்பனை ரோட் தங்கச்சி:

போயிட்டு வந்தோம். தம்பியே அதிகாரிகிட்ட சொல்லிட்டான், எழுதியும் குடுத்துட்டான், ரெண்டுக்கும் எதிராத்தான்னு நான் சொல்லிக் குடுத்த மாதிரியே எழுதியிருக்கான். எங்க கையில ஒரு காகிதமும் தரல, அது பரவால்லையா? அந்தாளுக்கு பணம் தரலன்னு சித்தப்பா சொல்லிட்டாரு.

கிளார்க் அக்கா:

நல்லது மா. காகிதம் தரலன்னா பரவால்ல, ஆனா 14 நாள் முடியறதுக்குள்ள ஈப்போ ஹைகோர்ட் ரெஜிஸ்ட்ரியில போய், ஜெயில்ல இருந்து நோட்டிஸ் வந்து சேந்துச்சான்னு நேர்ல கேளுங்க, கேஸ் நம்பரையும் தம்பி ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் எழுதி எடுத்துட்டுப் போங்க. வரலன்னா அங்கயே சொல்லுங்க, பழைய லோயரையும் கூப்பிட்டு அவரு பங்குக்கு ஒரு நோட்டிஸ் போடச் சொல்லுங்க, ரெண்டு போனா தப்பில்ல. அப்பீலுக்கு தனியா நம்பர் வரும், அத பத்திரமா வைங்க, ரெக்கோர்ட் ரெடியா, எந்த தேதி விசாரணைன்னு அந்த நம்பர சொல்லித்தான் கேக்கணும். அப்பீலுக்கும் கோர்ட் லோயர் வேணும்னா அதையும் அதே நாள் ரெஜிஸ்ட்ரியில கேட்டுட்டு வந்துடுங்க.