மாத்திரை கவுண்டருக்குப் பின்னாடி உட்கார்ந்தவங்க பேசலாம்

காட்பாடி ஜங்ஷன்:

டாக்டருங்க அனுபவம் எழுதறாங்க, நர்ஸுங்க எழுதறாங்க. மாவட்ட மனநலத் திட்டத்துல ரெஜிஸ்டர் எழுதினவன் எழுதி நான் பார்த்ததே இல்ல. அதனால நானே ஆரம்பிக்கறேன். வேலூர் பக்கம், தொகுப்பூதிய வேலை. எந்த ஆபீஸ், எந்த வருஷம்னு மட்டும் கேக்காதீங்க.

1996ல நாட்டுல நாலே மாவட்டத்துல இந்தத் திட்டம் தொடங்கினப்போ நம்ம திருச்சியும் அதுல ஒண்ணு. அப்புறம்தான் மத்த மாவட்டங்களுக்கு வந்துச்சு. டாக்டர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், நர்ஸ் எல்லாரும் ஒரே வண்டியில கேம்ப் போவாங்க. ஒரு நாள் குடியாத்தம், ஒரு நாள் பேரணாம்பட்டு, ஒரு நாள் ஒடுகத்தூர். அந்த டூர் புரோகிராம் டைப் பண்றது, வண்டி லாக் புக், டி.என்.எம்.எஸ்.சி. (அரசு மருந்துக் கழகம்) குடோனுக்கு மருந்து கேட்டு இண்டென்ட், மாத அறிக்கை, மார்ச் வந்தா பயன்பாட்டுச் சான்றிதழ், இதெல்லாம் என் தலையில. ஓலன்சபைன் எத்தனை அட்டை, ரிஸ்பெரிடோன் எத்தனை அட்டைன்னு ராத்திரி கனவுல கூட எண்ணியிருக்கேன். அதை முழுங்கற ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது.

மாசா மாசம் 'விட்டுப்போனவங்க' லிஸ்ட் ஒண்ணு எடுப்போம். மாத்திரை வாங்க வராம நின்னுட்டவங்க. ஒரு தடவை சமூகப் பணியாளர் மேடம் லீவு. அறிக்கை அனுப்பணுமேன்னு நானே போனை எடுத்துக் கூப்பிட ஆரம்பிச்சேன். ஏழாவதோ எட்டாவதோ நம்பர். ஒரு பொம்பளை எடுத்தாங்க. நான் கடகடன்னு, "மனநலப் பிரிவுலேர்ந்து பேசறோம், இந்தப் பேர்ல ஒரு பொண்ணு ரெண்டு மாசமா மாத்திரை வாங்கல, வரச் சொல்லுங்க"ன்னேன். "சரி சார்"னு வச்சுட்டாங்க. லிஸ்ட்ல டிக் அடிச்சேன். அன்னிக்குப் பதினாறு டிக். நல்லா வேலை பார்த்தோம்னு டீ குடிக்கப் போனேன்.

நாலு நாள் கழிச்சு ஒரு அம்மா வந்தாங்க. கே.வி.குப்பம் பக்கத்து ஊரு. மஞ்சப்பை, அதுக்குள்ள ஓ.பி. சீட்டு, பழைய மாத்திரை அட்டைங்க. சண்டை போடல. சண்டை போட்டிருந்தா பரவால்ல. மெதுவாத்தான் பேசினாங்க.

"நைனா, போன் பண்ணது நீதானா? அது எங்க நம்பர் இல்ல நைனா, பக்கத்து ஊட்டு நம்பர். எங்க ஊட்ல போன் இல்லன்னு அன்னிக்கு அந்த நம்பரைக் குடுத்தேன். பொண்ணுக்கு இடம் பேசிகினு இருந்தோம். மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. நீ நல்லதுக்குத்தான் பண்ண. இனிமே போன் பண்ணாத நைனா, நானே வந்து வாங்கிக்கறேன்."

நான் எந்திரிச்சு நின்னேன். வாயில ஒரு வார்த்தை வரல. "தண்ணி குடிக்கிறீங்களாம்மா"ன்னு மட்டும் கேட்டேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 23-வது பிரிவு ரகசியம் காப்பது பத்தினதுன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். நோயாளியோட மனநலம், சிகிச்சை பத்தின எதையும் வெளிய விடக்கூடாது. இத்தனைக்கும் அந்தச் சட்டப் புத்தகத்துக்கு ஜெராக்ஸ் போட்டு ஃபைல்ல கோத்தவனே நான்தான்.

அதுக்கப்புறம் போன்ல "பெரியாஸ்பத்திரி, மாத்திரை கொடுக்கிற இடம்" இவ்வளவுதான் சொல்வேன். ஆள் யாருன்னு தெரிஞ்சாதான் அடுத்த வார்த்தை. ரெஜிஸ்டர்ல 'இது யார் போன்?'னு ஒரு கட்டம் கையாலயே கோடு போட்டுச் சேர்த்தேன்.

ஊசி அக்கா:

தம்பி, படிச்சுட்டு மனசு கனத்துப் போச்சு. ஆனா இதைப் படிக்கிற யாரும் போன் பண்றதையே நிறுத்திடாதீங்க. நான் இந்தத் திட்டத்துல நர்ஸா இருந்தவ. மாத்திரை முழுங்க மாட்டேங்கிறவங்களுக்கு ஃப்ளூஃபெனசின் ஊசி போடுவோம், ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை. அணைக்கட்டுப் பக்கம் ஒருத்தர், ஊசி போட்டுகிட்டு ஒழுங்கா மாடு மேய்ச்சுகிட்டு இருந்தாரு. ரெண்டு ஊசி தவறிப் போச்சு. யாரும் கூப்பிடல, எங்க லிஸ்ட் அந்த மாசம் எடுக்கவே இல்ல. காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஜடை விழுந்த தலையோட அவரைப் பார்த்தது நான்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தாரு. அதுக்கு மேல எழுத முடியல. போன் பண்ணுங்க, யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பண்ணுங்க.

தக்கான் குளம்:

என் அனுபவம் வேற மாதிரி. 2019ல வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்சப்போ நான் ரெஜிஸ்டர் பிரிக்கிற வேலையில இருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூருக்கு, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டைக்கு. நிலத்தைப் பிரிக்கிறது சுலபம் சார். ஒரு நோயாளி சோளிங்கர்ல பொறந்து, ஆம்பூர் தோல் கம்பெனியில வேலை செஞ்சு, வேலூர்ல மாத்திரை வாங்கறார். அவர் எந்த மாவட்டம்? நாங்க மூணு நாள் இதைத்தான் பேசினோம். கடைசியில மூணு இடத்துலயும் எழுதி வச்சோம். மூணு அறிக்கையிலயும் அவர் ஒரு புது நோயாளி!

சோளிங்கர்னதும் இன்னொண்ணு. மனசு சரியில்லாதவங்களை அங்க தக்கான் குளத்துல குளிப்பாட்டி, மலையேத்தி நரசிம்மரையும் ஆஞ்சநேயரையும் பார்க்க வைக்கிறது தலைமுறை தலைமுறையா நடக்குது. கார்த்திகை ஞாயிறுன்னா நிக்க இடமிருக்காது. அந்த மாசம் நம்ம ஓ.பி. எண்ணிக்கை குறையும். மேலேர்ந்து 'ஏன் குறைஞ்சது, விளக்கம் தருக'ன்னு கடிதம் வரும். நான் ஒரு வருஷம் 'கார்த்திகை மாதம் என்பதால்'னு உண்மையையே எழுதி அனுப்பினேன். ஏத்துக்கல. அடுத்த வருஷம் 'பருவமழை காரணமாக'ன்னு எழுதினேன். ஏத்துகிட்டாங்க.

எங்க டாக்டர் ஒருத்தர் யாரையும் கோயிலுக்குப் போகாதேன்னு சொல்ல மாட்டார். "குளத்துல குளி, மலையேறு, ராத்திரி மாத்திரையைப் போட்டுக்க"ம்பார். எண்ணிக்கை குறைஞ்சாலும் அவர்கிட்ட வந்தவங்க திரும்ப வந்தாங்க.

ரெண்டு இனிஷியல்:

நான் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஃபைல் பார்த்தவ. மனநோய்க்கு ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு. தன்னைப் பார்த்துக்கறது, மத்தவங்களோட பழகறது, பேசிப் புரிஞ்சுக்கறது, வேலை செய்யறது, இந்த நாலுக்கும் மார்க், நோய் எத்தனை வருஷம்ங்கிறதுக்குத் தனி மார்க். பாதிப்பு நாற்பது சதவீதமாவது இருந்தாத்தான் சலுகைங்க கிடைக்கும். டாக்டர் பத்து நிமிஷத்துல போட்டுடுவார். ஆதார்ல ஒரு பேர், ஓ.பி. சீட்டுல ஒரு பேர், ரேஷன் கார்டுல ஒரு பேர்னு இருந்தா அதுக்கு ஆறு மாசம். ஆந்திரா எல்லைப் பக்கம் தெலுங்கு பேசற குடும்பம்னா இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறி நிக்கும். ஒரு தாத்தா தன் பையனுக்காக ஒன்பது தடவை வந்தார். ஒன்பதாவது தடவை, "பேருதான் பைத்தியமாயிடுச்சு மேடம், எம் பையன் இல்ல"ன்னார். சிரிச்சுகிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல.

மலைக்காரன்:

மலை மேல இருக்கிற பீஞ்சமந்தை கேம்ப்புக்கு வண்டி போற ரோடு பத்தி எழுதணும்னா தனியாத்தான் எழுதணும். லாக் புக்ல கிலோமீட்டர் அதிகமா இருக்குன்னு ஆடிட்ல கேட்டாங்க. மலை வளைஞ்சு போகும்னு எழுதிக் கொடுத்தேன். அது இருக்கட்டும். காட்பாடி சார், அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?

காட்பாடி ஜங்ஷன்:

அந்த இடம் தட்டிப்போச்சு. அதை நான் மறைக்க முடியாது.

அந்த அம்மா சொன்ன மாதிரியே மாசம் தவறாம வந்தாங்க. நான் அட்டையை எடுத்து வச்சிருப்பேன், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், தலையாட்டுவேன். ரெண்டு வருஷம் போல இருக்கும். ஒரு நாள் கவுண்டர்ல அட்டையை நீட்டி, "ஊர் பேரை மாத்தி எழுது நைனா, குடியாத்தத்துக்கு எழுது"ன்னாங்க. கூட ஒரு பையன் நின்னான், மருமகன். அவன்தான் ஓ.பி. சீட்டைக் கையில வச்சிருந்தான். அவனுக்குத் தெரியும்னு அதுலயே புரிஞ்சுது.

எழுதினேன். போன் நம்பர் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வேணாம்னு தலையாட்டினாங்க. அந்தப் பையன், "என் நம்பர் எழுதிக்குங்க சார், என்கிட்டயே பேசுங்க"ன்னான்.