டியூக் 390: ஷிம் மாற்றும்போது கிராங்க்கைப் பூட்டியே ஆக வேண்டுமா?

மலைப்பாதை_390:
வணக்கம் நண்பர்களே. என் கேடிஎம் டியூக் 390 இதுவரை 31,000 கிமீ ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஒருமுறை சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஹெட் கவரைத் திறந்து டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்த்தேன். எக்ஸாஸ்ட்டில் ஒரு வால்வு ரொம்ப இறுக்கம், 0.08 மிமீ ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஷிம் (அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு வட்டத் தகடு) மாற்றியாக வேண்டும், அதற்கு வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், அப்போது கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அசையக் கூடாது. கியரில் போட்டு ஒருவர் பின் பிரேக்கை மிதித்தால் போதும் என்கிறார் பக்கத்து மெக்கானிக். ஸ்பார்க் பிளக் துளையில் கயிறு விடச் சொல்கிறார் இன்னொருவர். மேனுவலோ கிராங்க்கைப் பூட்டும் லாக் போல்ட் போடு என்கிறது. எதைச் செய்வது?

ஸ்பேனர்_செட்:
லாக் போல்ட்தான், தம்பி. மற்ற இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

கியரில் போட்டு பிரேக் பிடித்தாலும் செயின் தளர்வு, பின் வீல் ஹப்பில் உள்ள ரப்பர் எல்லாம் சேர்ந்து கிராங்க் சில டிகிரி ஆடத்தான் செய்யும். கயிறு பிஸ்டனை டிடிசிக்கு (பிஸ்டன் ஏறும் உச்ச நிலைக்கு) முன்பே நிறுத்திவிடும். நட்டு கழற்ற அது உதவும், டைமிங் வைக்க உதவாது. ஸ்க்ரூடிரைவரை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள், பிஸ்டன் மேல்பக்கம் வெறும் அலுமினியம்.

கிராங்க் வெப்பில் (கிராங்க்கின் பக்கத் தகட்டில்) ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், போல்ட்டின் நுனி அதில் போய் உட்காரும். விரலாலேயே கடைசி வரை உள்ளே போக வேண்டும். பாதியில் நின்றால் பள்ளம் நேராக வரவில்லை என்று அர்த்தம், ஸ்பேனர் போட்டு முறுக்காமல் கிராங்க்கை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். எந்த போல்ட், எந்த இடம் என்பதை உங்கள் வருட மாடலின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போல்ட் கிராங்க்கை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கத்தான். மேனுவல் சொல்லாமல் அதை நம்பி ரோட்டர் நட்டு, கிளட்ச் நட்டு எதையும் முறுக்காதீர்கள்.

நான்கு_வால்வு:
மேலே சொன்னது சரி. ஆனால் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும், கம்ப்ரஷனில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும்போது ஒன்று. லாக் போல்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் உட்காரும். இரண்டாவதில் பூட்டிவிட்டு அளந்தால் வால்வுகள் லேசாகத் திறந்திருக்கும், கேஜ் நுழையாது, நல்ல ஷிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லியதை வாங்கி வைப்பீர்கள். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் கிராங்க்கைச் சுற்றுங்கள், காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். அப்புறம் கேம் லோப்கள் (கேமின் மேடுகள்) ஃபிங்கரை (வால்வை அழுத்தும் சிறு நெம்புகோலை) அழுத்தாமல் விலகி நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் சொன்ன 0.08-ஐயும் இப்படி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், இரவு முழுக்க ஆறிய எஞ்சினில்.

கணக்கு எளிது: பழைய ஷிம் + அளந்த இடைவெளி − வேண்டிய இடைவெளி. பழையது 2.45, அளந்தது 0.08, மேனுவல் கேட்பது 0.15 என்று வைத்துக்கொண்டால் 2.38 வருகிறது. 2.40 போட்டால் 0.13 கிடைக்கும், 2.35 போட்டால் 0.18. மேனுவலில் உள்ள எல்லைக்குள் வருவதை எடுங்கள். இரண்டுமே வந்தால் நான் இடைவெளி அதிகமானதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் வால்வு உட்காரும் சீட் தேயத் தேய இடைவெளி குறையும். ஷிம்மில் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளப்பது நல்லது.

ஸ்பேனர்_செட்:
இன்னும் இரண்டு விஷயம். கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றிய பிறகே கேமைத் தூக்குங்கள், செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள், செயின் போகும் குழியில் சுத்தமான துணி வையுங்கள். ஷிம் உள்ளே விழுந்தால் பெரிய வேலை. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 36 பல் இருந்தால், ஒரு பல் தவறினால் கேமில் 10 டிகிரி, கிராங்க்கில் 20 டிகிரி.

வேலை முடிந்ததும் போல்ட்டை எடுத்தே ஆக வேண்டும். ஒருமுறை அதை மறந்து ஸ்டார்டரை அழுத்தினேன், 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், கிராங்க்கேஸில் அந்தத் துளையைச் சுற்றி விரிசல். அன்றிலிருந்து போல்ட் உள்ளே இருக்கும்வரை பேட்டரி நெகடிவ் கழன்றே இருக்கும், சாவியில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன்.

மலைப்பாதை_390:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். இன்று காலை கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன், நான் பூட்டியிருந்தது கம்ப்ரஷன் டிடிசிதான். அளவு மாறவில்லை, அதே 0.08. ஷிம்மைக் காந்தத்தால் எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தால் 2.44 காட்டுகிறது, மேலே அச்சடித்திருப்பது 245. புதிய ஷிம் வந்ததும் போட்டு, போல்ட்டை எடுத்துவிட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அளந்து இங்கேயே எழுதுகிறேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன்.