தைமஸில் ரி கலம் ஏன் ஓரம் வரை போய்த் திரும்புகிறது?

பழைய டீமேக்கர், டிக்கோயா:
பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நேற்றிரவு மழையில் மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு தைமஸ் படம் வரைந்து காட்டினாள். நோயை எதிர்க்கும் ரி கலங்கள் உருவாகும், நெஞ்சிலுள்ள உறுப்பாம் அது. என்புமச்சையிலிருந்து இளங்கலம் குருதியோடு வந்து, தைமஸின் வெளிப்பகுதியான மேற்பட்டையும் உட்பகுதியான மையவிழையமும் சேரும் எல்லையில் இறங்குகிறது. சரி. அங்கிருந்து வெளியோரம் வரை போகிறது. பிறகு திரும்பி மையவிழையத்துக்கு வந்து, ஏறக்குறைய இறங்கிய இடத்திலேயே மறுபடி குருதியில் ஏறிப் போய்விடுகிறது. எதற்கு இந்த வீண் நடை? முப்பத்தொரு வருடம் தேயிலை ஸ்டோரில் இருந்தவன் நான். மேல்மாடியில் வாட்டிய கொழுந்து ரோலருக்கு இறங்கினால் இறங்கியதுதான். அதைத் திரும்ப மேலே ஏற்றியிருந்தால் துரை அன்றே என்னை நிறுத்தியிருப்பார். பேத்தியைக் கேட்டால், "படத்தில் அப்படித்தான் இருக்கிறது, தாத்தா" என்கிறாள். அது ஒரு பதிலா?

உயிரியல் ஆசிரியை, பண்டாரவளை:
ஐயா, நீங்களும் திருப்பி அனுப்பியவர்தானே? முதல் தடவை அரைத்துச் சலித்ததும் தூளை எடுத்துவிட்டு, சல்லடையில் நின்ற பெரிய இலையை மறுபடி ரோலரில் போடுவீர்கள். வேலை முடியாததால்தான் அந்தத் திருப்பம்.

இதுவும் அப்படித்தான். இறங்கும்போது அது இன்னும் ரி கலம் ஆகவில்லை. மேற்பட்டையின் மேலணிக் கலங்கள் தரும் சமிக்ஞைகளை வாங்கிக்கொண்டு ஓரத்துக்கு நகர நகரத்தான் வேறு கலமாகும் வழிகள் அடைபட்டு, தன் வாங்கியை, அதாவது பிற பொருள்களை அடையாளம் கண்டு பிடிக்கும் மேற்பரப்புப் புரதத்தை, கட்டத் தொடங்குகிறது. எலியில் இந்த முதல் நடைக்கே ஏறக்குறைய இரண்டு கிழமை போகிறது. பரம்பரையலகுத் துண்டுகளைக் கண்டபடி வெட்டி ஒட்டிக் கட்டுவதால் ஒவ்வொரு கலத்தின் வாங்கியும் ஒவ்வொரு விதம். எனவே சோதனை வேண்டும்.

முதல் சோதனை மேற்பட்டையில்: கலங்கள் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் தட்டு போன்ற, உடலின் சொந்த எம்.எச்.சி. புரதத்தைப் பிடிக்கத் தெரிகிறதா? தெரியாதவை மூன்று நான்கு நாளில் தாமாகவே இறந்துவிடும். தேறியவை சி.சி.ஆர்.7 என்ற வாங்கியை ஏந்திக்கொண்டு, மையவிழையம் விடும் இரசாயன வாசனையைப் பிடித்து உள்ளே போகின்றன.

இரண்டாவது அங்கே. கணையத்துக்கே உரிய இன்சுலினைக்கூட மையவிழையக் கலங்கள் கொஞ்சம் செய்து காட்டும். எயர் என்ற பரம்பரையலகின் வேலை அது. அப்படிக் காட்டும் சொந்தப் பொருளை இறுகப் பிடிப்பவை வெளியே போனால் உடலையே தாக்கும் என்பதால் பெரும்பாலும் அழிக்கப்படும். சில மட்டும் மற்றவற்றை அடக்கும் ரி கலங்களாகத் திருப்பப்படும். 2025 மருத்துவ நோபல் பரிசு அந்த அடக்கும் கலங்கள் பற்றிய ஆய்வுக்குத்தான். உருவாகும் நூறில் ஐந்துகூட வெளியே போவதில்லை.

தாதி, நுவரெலியா:
டீச்சர் வாசற்கதவை விட்டுவிட்டார். எஸ்1பி என்ற பொருள் குருதியில் அதிகம், தைமஸுக்குள் குறைவு. அதை உணரும் வாங்கி முளைத்த கலம்தான் வெளியேற முடியும். நரம்புகளை உடலே தாக்கும் மல்டிபிள் ஸ்களீரோசிஸ் நோய்க்குக் கொடுக்கும் ஃபிங்கோலிமொட் மாத்திரை முடக்குவது அந்த வாங்கியைத்தான். அதனால் தைமஸில் மட்டுமல்ல, நிணநீர்க் கணுக்களிலும் கலங்கள் அடைபட்டு நிற்கும். அந்த மாத்திரையைக் குடித்த ஒருவரின் குருதி அறிக்கையில் நிணநீர்க்கல எண்ணிக்கை சரிந்து கிடந்ததைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன். கலங்கள் சாகவில்லை, உள்ளே நிற்கின்றன என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பழைய டீமேக்கர், டிக்கோயா:
டீச்சர், ரோலர் விஷயத்தில் தோற்றேன். ஆனால் நூறுக்குத் தொண்ணூற்றைந்தைக் கழித்திருந்தால் எங்கள் ஸ்டோரை இழுத்து மூடியிருப்பார்கள். பேத்தி படத்தைத் திருத்திவிட்டாள். மேற்பட்டையில் மெழுகு சொட்டிய இடங்களுக்கெல்லாம் கோடிழுத்து, 'இறந்த கலங்கள்' என்று பெயரிட்டிருக்கிறாள்.