பிக்கப் வண்டியின் பழைய ரிம்மிலேயே பெரிய டயர் போடலாமா?

பொள்ளாச்சித் தோப்புக்காரர்: தேங்காய் ஏற்றும் என் பிக்கப்பில் 215/75 ஆர்15 டயர்கள் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்) உள்ளன. தோப்புத் தடத்தில் வண்டியின் அடிப்பாகம் இடிப்பதால், ரிம்மை மாற்றாமல் 235/75 ஆர்15 போட விரும்புகிறேன், பொருந்துமா?

ஈரோடு மெக்கானிக்: முதலில் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள், அண்ணா. அந்த டயருக்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். ஐந்தரையில் மாட்டினால் பக்கச்சுவர் பிதுங்கி, நடுப்பட்டை மட்டும் தேயும். விட்டம் 30 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது 15 மி.மீ.தான் என்பதால், அதற்காக இவ்வளவு செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆழியாறு ஓட்டுநர்: வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது, பாரம் ஏற்றிய வண்டியில் டயர் மட்கார்டில் உரசக்கூடும். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடுவதால், வேக மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 62.5 ஆக இருக்கும்.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்: ரிம் ஐந்தரை அங்குலம்தான். பழைய அளவிலேயே, பாரக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) குறையாத டயராகப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.