நகராட்சி மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

கெடிலக்கரையான்:
கடலூர் மாவட்டத்தில் மாநகராட்சி போக ஆறு நகராட்சி இருக்கிறது. அதில் ஒன்று, எது என்று தோண்ட வேண்டாம். கடை, மில் நடத்த நகராட்சியில் வாங்கும் டி அண்ட் ஓ லைசென்ஸ் கட்டணத்தை மாற்றப் போகிறார்கள் என்று பக்கத்து மாவு மில்காரர் சொன்னதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் நடத்துவது நாலு பெஞ்சு பரோட்டா கடை. சரி, நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அஜெண்டாவில் 58 பொருள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது, ஒரு குறள் முடிந்தது, வாசிக்க ஆரம்பித்தார்கள். தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், கொசு மருந்து. செலவழித்து முடித்ததற்கெல்லாம் பின்னேற்பு, பின்னேற்பு. நம்முடையது 34. பொருள் எண் 31 காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரியாக அப்போது மசால் வடைத் தட்டோடு ஒருவர் எனக்கும் தலைவர் மேசைக்கும் நடுவில் வந்து நின்றார். "உங்களுக்கும் உண்டு, எடுத்துக்கோங்க" என்றார். எடுத்தேன். அவர் நகர்ந்தபோது 39 ஓடிக்கொண்டிருந்தது.

வடை நல்ல சூடு. அதுதான் இன்னும் உறுத்துகிறது. என்ன முடிவாச்சு என்று மில்காரர் மறுநாள் கேட்டபோது எனக்கு வடை மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

பாண்டி அக்கா:
வடை கொடுத்து 34ஐ விழுங்கிவிட்டார்கள் என்று அழுகிறீர்களே, எங்களுக்கு வடையும் இல்லை, கூட்டமும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்கு அப்புறம் 2006ல்தான் நடந்தது. 38 வருஷம். அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2011ல் முடிந்ததோடு சரி. 2021ல் தேதி அறிவித்தார்கள், கோர்ட்டுக்குப் போனது, நின்றது. ஆணையரும் அதிகாரிகளும்தான் நகராட்சியை ஓட்டுகிறார்கள்.

என் கதை சின்னது. மூன்றாவது படிக்கும் என் மகன் ஒரு தாள் கொண்டுவந்தான். 'உன் வார்டு உறுப்பினரின் பெயர்' என்று போட்டு ஒரு கோடு. அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பாவுக்கும் தெரியவில்லை. மாமியார் மட்டும் 2006ல் ஜெயித்தவர் பெயரைச் சட்டென்று சொன்னார். "அதை எழுதாதே, காலியா விடு" என்றேன். மறுநாள் அந்தக் கோட்டுக்கு மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. "அம்மா, சரியான பதில் என்ன?" என்று கேட்டான். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
கெடிலக்கரையான் அவர்களுக்கு. வடை கொடுத்து மறைத்ததாக அக்கா சொல்வதை ஏற்க முடியாது. நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அஜெண்டா ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போய்விடும். படித்துவிட்டு வருவது அவர்கள் வேலை. 58 பொருளையும் கதாகாலட்சேபம் மாதிரி விரித்து வாசித்தால் விடிந்துவிடும். அதில் ஐம்பது வழக்கமான செலவினம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தீர்மான நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள், "நகல் தருக" என்று மட்டும் கேளுங்கள். கூட்டத் தேதியையும் பொருள் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள், இல்லையென்றால் எந்தத் தீர்மானம் என்று திருப்பிக் கேட்பார்கள். அப்புறம் வார்டு மக்கள் கூடும் பகுதி சபா நடக்கும், அங்கே பொதுமக்கள் எழுந்து பேசலாம். மன்றத்தில் பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது. சொத்து வரி கட்ட வேண்டியிருந்தால் அதையும் பாருங்கள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

என் அனுபவம் என்று கேட்டால் ஒன்றுதான். முதல் தடவை ஜெயித்து வந்த ஒரு அம்மா ஒரு கட்டண உயர்வை எதிர்த்தார். "பதிவு பண்ணிக்கிறோம்மா" என்று தலைவர் சொன்னதும் எல்லோரும் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா எழுந்து நேராக என் மேசைக்கு வந்தார். தீர்மானப் புத்தகத்தில் விரலை வைத்தார். "இங்க எழுதுங்க சார், நான் பார்க்கணும்." எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் கூடவே நகர்ந்தது. "இனிஷியல் விட்டுட்டீங்க" என்றார். அதையும் போட்டேன். அதுவரை எத்தனை பேர் எதிர்ப்பை "அலுவலகக் குறிப்பு ஏற்கப்பட்டது" என்ற ஒரே வரியில் முடித்திருப்பேன் என்று அன்று ராத்திரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மஞ்சக்குப்பம் மாப்பிள்ளை:
எழுத்தர் சார், 'வழக்கமான செலவினம்' என்று நீங்கள் தள்ளிவிடுவதில்தான் எங்கள் வீடு இருக்கிறது. 2022 சொத்து வரிச் சீராய்வில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம் ஏற்றம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. மாமனார் வீடு 1200க்குள் அடங்கிவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். நானே டேப் பிடித்து அளந்தேன். 1212 வந்தது.

எங்கிருந்து வந்தது இந்தப் பன்னிரண்டு என்று பார்த்தால், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது முன் திண்ணையில் மழை கொட்டி நெல் மூட்டை நனைந்துவிட்டது. மறு மாதமே மாமனார் சுவர் வைத்துத் திண்ணையை அடைத்துவிட்டார். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்தபடி நின்றார். "இன்னொரு தடவை அளங்க மாப்ளே, தளர்த்தாமப் பிடிங்க" என்றார். மூன்று தடவை அளந்தோம். மூன்றாவது தடவை அவர் டேப்பை இழுத்த இழுப்பில் 1209க்கு வந்தது.

கெடிலக்கரையான்:
எழுத்தர் சார், நன்றி. ஸ்டாம்ப் வாங்கிவிட்டேன். மாப்பிள்ளை, அந்தச் சுவரை இடித்தாரா, வைத்திருக்கிறாரா?

மஞ்சக்குப்பம் மாப்பிள்ளை:
இருக்கிறது. வெள்ளைகூட அடித்துவிட்டார்.

பாண்டி அக்கா:
எழுத்தர் ஐயா, அந்த அம்மா எதிர்த்த கட்டணம் கடைசியில் என்ன ஆனது?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அன்றைக்கே நிறைவேறியது. உங்கள் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பாண்டி அக்கா:
இன்னும் சொல்லவில்லை.